ஆண் பட்டாம்பூச்சியின் வாசனைப் பையை வைத்து வகை பிரிக்கலாமா?

ஈசூன்_மலர்:
சிங்கப்பூர் ஹார்ட்பார்க் பூங்காவில் கிலுகிலுப்பைச் செடியோரம் வெந்தய வரியன் பட்டாம்பூச்சிகளைப் படம் எடுத்தேன். சிலவற்றின் பின்னிறக்கை நடுவில் மூன்று கரும்புள்ளிகள். சிலவற்றில் நான்காவதாக, நடுவே வெள்ளை வைத்த புள்ளி ஒன்று, லேசாகப் புடைத்தாற்போல. அது ஆண் என்கிறார்கள். இதை வைத்துத்தான் இனம், பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) எல்லாம் பிரிக்கிறார்களா? விவரம் தெரிந்த அண்ணன், அக்கா யாராவது சொல்லுங்களேன்.

கிராஞ்சி_வரியன்:
ஆணேதான் மலர். அந்த நான்காவது புள்ளி ஒரு வாசனைப் பை. வயிற்று நுனிக்குள் இரண்டு மயிர்க்கற்றைகள் ஒளிந்திருக்கும். ஆண் அவற்றை நீட்டிப் பைக்குள் விட்டு எடுக்கும். அந்தத் தொடுதல் நடந்தால்தான் டனைடோன் என்ற வாசனைப்பொருள் சரிவர உருவாகும். அதற்கான கச்சாப்பொருள் கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு போன்ற செடிகளிலுள்ள ஆல்கலாய்டு என்ற நச்சுப்பொருள். அதனால்தான் காய்ந்த தண்டில்கூட ஆண்கள் மொய்க்கின்றன. அடுத்த முறை பூவை விட்டுவிட்டு வாடிய காயைப் பாருங்கள். உறிஞ்சுகுழலை நீட்டித் துழாவிக்கொண்டிருக்கும்.

தெம்பனிஸ்_ரவி:
பெண்ணுக்கு அதனால் என்ன பயன், அண்ணே?

கிராஞ்சி_வரியன்:
அமெரிக்காவின் குயீன் பட்டாம்பூச்சியில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆண் கலவியின்போது ஆல்கலாய்டையும் சேர்த்துக் கொடுக்கிறது. பெண் அதை முட்டைகளில் சேர்க்கிறது. முட்டைக்கு அது காவல். வாசனை குறைந்த ஆணைப் பெண் பெரும்பாலும் ஏற்பதில்லை.

சரி, மலரின் கேள்விக்கு வருகிறேன். இனம் பிரிக்க இந்த உறுப்புகள் அருமையான அடையாளம். கருப்பன் என்ற பட்டாம்பூச்சி வகையை எடுத்துக்கொள்ளுங்கள்: முன்னிறக்கையில் ஓர் இனத்து ஆணுக்கு ஒரே வாசனைக் கீற்று, இன்னொன்றுக்கு இரண்டு. ஆனால் பேரினம் என்று வந்தால் எனக்கு இவற்றில் நம்பிக்கை இல்லை. 19ஆம் நூற்றாண்டில் பூச்சியியலாளர் ஃபிரெடரிக் மூர் ஆண்களின் இந்த வேறுபாடுகளை நம்பிக் கருப்பன்களைப் பல பேரினங்களாக உடைத்தார். இன்று அத்தனையும் யூப்ளோயா என்ற ஒரே பேரினத்துக்குள் வந்துவிட்டன. துணையைக் கவரும் உறுப்பு என்பதால் பரிணாமத்தில் வேகமாக மாறும், சில பரிணாமக் கிளைகளில் தேய்ந்தும் போகும். வெந்தய வரியனின் பேரினத்திலேயே பாருங்கள்: மோனார்க் என்ற பட்டாம்பூச்சியின் ஆணுக்குப் பை உண்டு, ஆனால் மயிர்க்கற்றை சிறுத்துவிட்டது. அது பெரும்பாலும் பெண்ணைப் பறக்கும்போதே பிடித்துக் கீழே வீழ்த்தித்தான் இணைகிறது.

ஈசூன்_மலர்:
நன்றி அண்ணே. என்னிடம் கருப்பன் படங்களும் இருக்கின்றன, ஆனால் எல்லாமே இறக்கை மூடியவை.

கிராஞ்சி_வரியன்:
இறக்கை விரிக்கும்வரை பொறுங்கள். நீலப் பளபளப்புள்ள மல்சிபர் என்ற கருப்பன் இனத்து ஆணாக இருந்தால், முன்னிறக்கையின் பின்விளிம்பு வில் போல வெளியே வளைந்திருக்கும். பெண்ணுக்கு அந்த விளிம்பு நேராக இருக்கும். எடுத்ததும் இங்கே போடுங்கள்.