சிங்கப்பூர்: தங்குவது செந்தோசாவிலா, லிட்டில் இந்தியாவிலா?

மே கடைசி வாரம் செந்தோசாத் தீவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்குப் போகிறோம். நான்கு இரவு. நாங்கள் இருவர், 9, 4 வயதுப் பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அம்மா. தங்குமிடம்தான் இன்னும் முடிவாகவில்லை.

செந்தோசாத் தீவுக்குள் விசாரித்தேன். ஐந்து பேருக்கு இரண்டு அறை எடுக்கச் சொல்கிறார்கள். இரவுக்கு 250 சிங்கப்பூர் டாலருக்கு மேல் எனக்குத் தாங்காது. தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள ஹார்பர்ஃபிரண்ட் பக்கமும் ஒரே அறை சிக்கவில்லை. லிட்டில் இந்தியாவில் குடும்ப அறை இருக்கிறது, அம்மாவுக்குச் சைவச் சாப்பாடும் பக்கத்திலேயே. அங்கிருந்து ஊதா வழி ரயிலில் மாறாமல் ஹார்பர்ஃபிரண்ட், அப்புறம் அங்குள்ள விவோசிட்டி வணிக வளாக மாடியிலிருந்து தீவுக்கு மோனோரயில். வரைபடத்தில் சுலபம்தான். ஆனால் நாளெல்லாம் அலைந்தபின், தூங்கிவிட்ட சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மாவையும் கூட்டி வர வேண்டுமே!

நடக்கச் சிரமப்படும் பெரியவர்களோடு லிட்டில் இந்தியாவில் தங்கிப் போய்வந்தவர்கள் சொல்லுங்கள்: இரவு திரும்பும் பயணத்தைச் சமாளிக்க முடிந்ததா?