பெட்டியில் 400 என்று போட்டிருந்தால் அது 400 தானா?

புளியரைக்காரன்:
விலை குறைவான ஒரு கறுப்பு வெள்ளை பிலிமை முதல்முறையாகப் போட்டுப் பார்த்தேன். பெட்டியில் வேகம், அதாவது வெளிச்சத்தை உணரும் திறன், 400 என்று இருந்தது. போன ஞாயிறு சாரலில் ஆரியங்காவு தாண்டி, பதிமூன்று கண் பாலத்தில் முழு ரோலும் எடுத்தேன். வெளிச்சம் அளக்கும் மீட்டரில் 400 வைத்து, டி-76 என்ற டெவலப்பரில் (பிலிம் கழுவும் ரசாயனத்தில்) நானே கழுவினேன். பாலத்தின் கல் அருமையாக வந்திருக்கிறது. வளைவுகளுக்கு அடியில் ஒன்றுமே இல்லை, நெகட்டிவில் அந்த இடம் வெறும் கண்ணாடி. போன வருஷம் இதே இடத்தில் இல்ஃபோர்ட் எச்பி5 பிலிமை 400-இல் எடுத்தபோது அடியில் முளைத்திருந்த செடிகூடத் தெரிந்தது. வராத வேகத்தைப் பெட்டியில் போடுவது தப்பு.

பாலக்காட்டான்:
அவசரப்படாதீர்கள். நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தில் இருக்கும் பெயரையும் எண்களையும் பாருங்கள். அவை பிலிம் செய்யும்போதே பதிந்தவை, உங்கள் கேமராவுக்கு அதில் பங்கில்லை. வெளிறி இருந்தால் கழுவியதில்தான் கோளாறு. அப்புறம், சாரல் நாளில் வானம் முழுக்க வெள்ளை. அதையும் சேர்த்து அளந்தால் மீட்டர் ஏமாந்துவிடும்.

புளியரைக்காரன்:
எழுத்துகள் நல்ல கறுப்பு. வானத்தையும் சேர்க்கவில்லை, நனைந்த தூணின் அருகே போய்க் கல்லை மட்டும் அளந்தேன்.

பாலக்காட்டான்:
அப்படியென்றால் கழுவியது சரி, வெளிச்சம்தான் போதவில்லை. நிழலில் என்ன தெரியும் என்பது ஷட்டர் திறக்கும்போதே முடிவாகிவிடுகிறது. கழுவும் நேரத்தைக் கூட்டினால் வெளிச்சப் பகுதிதான் அடர்ந்து ஏறும். டெவலப்பர் மாறினால் பிலிமின் வேகமும் மாறும், அதனால் பெட்டி எண்ணைப் பொய் என்று சொல்ல மாட்டேன். உங்கள் டெவலப்பரில் அது 200 பிலிம், அவ்வளவுதான். மீட்டரில் 200 வைத்து எடுங்கள், இரண்டு மடங்கு வெளிச்சம் விழும்.

புளியரைக்காரன்:
இங்கேதான் ஒத்துக்கொள்ள முடியவில்லை, அண்ணே. மழை இருட்டில், வளைவுக்கு அடியில் 60-இல் ஒரு பங்கு விநாடியே கைக்கு எல்லை. 200 என்றால் அது 30-இல் ஒரு பங்காகிவிடும், கை ஆடும். அந்த ஒரு ஸ்டாப்புக்காக, அதாவது பாதி வெளிச்சத்திலும் எடுக்கத்தானே 400 வாங்கினேன்?

தென்காசி ஸ்டுடியோ:
இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு ரோலை வைத்து எந்த பிலிமையும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ பிலிம் ஒன்றையே வருஷக்கணக்காகக் கழுவியவன் நான். அது எங்கே கைவிடும் என்று விரலுக்குத் தெரியும். எச்பி5-ஐத் தண்ணீர் சேர்க்காத டி-76-இல் 20 டிகிரியில் ஏழரை நிமிடம் கழுவ வேண்டும். சித்திரையில் நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் 20 டிகிரியிலா வருகிறது? சூட்டுக்கு ஏற்ப நேரத்தைக் குறைத்துக்கொண்டே போனால் ஐந்து நிமிடத்துக்குக் கீழே திட்டுத் திட்டாக வரும். டப்பாவை ஐஸ் தண்ணீரில் வைத்து, தெர்மாமீட்டரைப் பார்த்துக் கழுவுங்கள். முதலில் அதைப் பழகுங்கள், தம்பி.

புளியரைக்காரன்:
ஐஸ் வைத்துத்தான் கழுவினேன், அண்ணாச்சி. 20 டிகிரி சரியாக இருந்தது.

பாலக்காட்டான்:
அண்ணாச்சி சொல்வதுபோல் ஒரே பிலிமோடு இருந்தால் அந்தப் பிலிம் மட்டும்தான் தெரியும். தம்பி, அதே தூண், ஸ்டாண்ட் போட்டு மூன்று படம் எடுங்கள்: 400, 200, 100. மூன்றையும் ஒன்றாகக் கழுவுங்கள். எதில் செடி தெரிகிறதோ அதுவே உங்கள் எண். மழை இருட்டுக்கு எச்பி5 இருக்கட்டும், இதை வெயிலில் பண்பொழி வயல் பக்கம் கொண்டுபோங்கள்.

புளியரைக்காரன்:
ஞாயிறு போகிறேன். 200-இல் செடி தெரிந்தாலும் பெட்டி எண் பற்றி என் கருத்து மாறாது.