இன்சிடன்டையும் சேஞ்சையும் எந்தக் கட்டத்தில் (ஃபீல்டில்) கோப்பது?

(ஐடி வேலை செய்யும் நாலு பேரின் பதில்; பேசுபவரின் பெயருக்குப் பதிலாக ஊர்ப்பெயர்.)

கல்லடி:
இன்சிடன்ட் என்பது பழுதைச் சொல்லி வரும் டிக்கெட்; சேஞ்ச் என்பது சிஸ்டத்தில் செய்யும் மாற்றத்தின் பதிவு. இவற்றுக்கு இடையில் இருப்பது இரண்டு உறவு. பழுதைத் திருத்த எடுத்த சேஞ்ச் ஒன்று, பழுதைக் கொண்டுவந்த சேஞ்ச் மற்றது. டிக்கெட் மென்பொருளான சேர்விஸ்நவ்வில் இதற்கு ‘சேஞ்ச் ரிக்குவெஸ்ட்’, ‘கோஸ்ட் பை சேஞ்ச்’ (Caused by Change) என்று இரண்டு கட்டங்கள் தனித்தனியாக இருக்கின்றன. இன்னொரு டிக்கெட் மென்பொருளான ஜிராவில் லிங்க் போடும்போதே வகையைத் தெரிவு செய்ய வேண்டும். அவசரத்தில் எல்லா இலக்கத்தையும் முதல் கட்டத்தில் போட்டால், மாதக் கடைசியில் எந்த சேஞ்ச் பழுதில் முடிந்தது என்று ஒருவராலும் பிரித்தெடுக்க ஏலாது.

வெள்ளி பின்னேரம் 6 மணிக்கு ஃபயர்வோலில் ஒரு ரூல் மாறுகிறது என்று வையுங்கள். திங்கள் 8.30க்குக் களுவாஞ்சிக்குடிக் கிளையில் பிரிண்ட் போகவில்லை. ரூலைப் பழையபடி வைத்ததும் பிரிண்ட் வருகிறது. வெள்ளி சேஞ்சின் இலக்கம் ‘கோஸ்ட் பை’யில் போக வேண்டும். திங்கள் ரூலைத் திருப்பிய எமர்ஜென்சி சேஞ்ச் மற்றக் கட்டத்துக்கு. ஒரே இன்சிடன்டில் இரண்டு இலக்கமும் இருப்பதில் பிழையே இல்லை.

அக்கரைப்பற்று:
ஓம் அண்ணன். ஆனா பழுதுக்கு முன்னால நடந்த சேஞ்சுகளைத் தேடுற தேடலில அந்த வெள்ளி சேஞ்ச் அகப்படணுமே. 24 மணி பின்னோக்கி மட்டும் பார்த்தா வராது, இடையில 62½ மணி கிடக்கு. 72 வையுங்க, பெருநாள் லீவு சேர்ந்தா இன்னும் கூட்டுங்க. ‘நெட்வேர்க்’ எண்டு ஒரே சிஐ (CI, சிஸ்டத்தில பதிஞ்சு வைக்கிற கருவி அல்லது சேவை) வச்சிருந்தா தேடல் முழுக்கக் குப்பைதான் வரும். கிளைக்குக் கிளை ரவுட்டர், சுவிட்ச், யுபிஎஸ், லைன் எல்லாம் தனித்தனி சிஐயா இருக்கணும்.

நேரம் ஒத்துப்போகுது எண்டதுக்காக மட்டும் ‘கோஸ்ட் பை’ போடாதீங்க. சேஞ்சைத் திருப்பினதும் பழுது தீரணும், இல்லாட்டி லொக்கில (கருவி தானா எழுதுற பதிவில) தடயம் இருக்கணும். அதுவரைக்கும் வேர்க் நோட்டில இலக்கத்தை எழுதி வச்சாப் போதும்.

வாழைச்சேனை:
நானா சொன்ன நேரக் கணக்கு மார்கழி மழைக்குள்ள உதைக்கும். கரண்டும் லைனும் போன இரவு 11.20க்குச் செய்த வேலை, விடிஞ்ச பிறகுதான் சிஸ்டத்தில ஏறுது. ‘கிரியேட்டட்’ நேரத்தைப் பார்த்தா முதல் பழுது, மறுகா சேஞ்ச் எண்டு தலைகீழா விழும். கொப்பியில எழுதின நேரத்தை ‘அக்சுவல் ஸ்டார்ட்’, ‘அக்சுவல் என்ட்’ இரண்டிலும் போடுங்க. தேடலும் அதை வச்சே ஓடட்டும்.

சம்மாந்துறை:
ஒரே பழுதுக்கு 40 டிக்கெட் வந்தா ஒண்டைப் பேரன்ட் ஆக்கி, சேஞ்சை அதில மட்டும் கோர்த்து விடுங்க, மத்தது சைல்டாக் கிடக்கட்டும். 40லயும் கோர்த்தா ஒரு சேஞ்ச் 40 தரம் பிழைச்ச மாதிரி ரிப்போர்ட் காட்டும்.

தற்காலிக வழியால ஆள் வேலை செய்யத் தொடங்கிட்டா, சேஞ்ச் அனுமதி வருமட்டும் இன்சிடன்டை ‘ஓன் ஹோல்ட்’ல ரெண்டு கிழமை வைக்க வேணாம். ப்ரொப்ளம் ரெக்கோட் (பழுதின் அடிக்காரணத்துக்கான பதிவு) ஒண்டு திறந்து, சேஞ்சை அதில கோர்த்திட்டு இன்சிடன்டை ‘ரிசோல்வ்’ பண்ணுங்க. நேரடியாக் கோர்த்த இன்சிடன்டை, சேஞ்ச் மூடினதும் தானா மூட விடவும் வேணாம். கிளைக்குக் கோல் எடுத்து, பிரிண்ட் வருதா எண்டு கேட்டிட்டு மூடுங்க.