வீட்டுக்கு ஒரு ஆள், ஒரு மண்வெட்டி

மட்டக்களப்பின் போரதீவுப்பற்றில் எங்கள் ஊர்க் கைபேசிக் குழுவில் புரட்டாதி மாதம் சில நாட்கள் ஓடிய பேச்சு இது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். காலை வணக்கப் பூப்படங்களையும், தங்க விலை பற்றி வந்த பகிர்வுகளையும் எடுத்துவிட்டேன். மற்றதெல்லாம் உள்ளபடியே.

வியாழக்கிழமை

மாலை 6.40 – வதனி (சங்கச் செயலாளர்): எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை காலை வடிச்சல் வாய்க்கால் சிரமதானம். பெரிய மதகில் தொடங்கி ஆலடி வளைவு வரை. வீட்டுக்கு ஒரு ஆள், ஒரு மண்வெட்டி. மண் அள்ளும் தாச்சி, கத்தி இருப்பவர்கள் கொண்டுவரவும். போன மாரியில் பள்ள வட்டை வயலில் 9 நாள் தண்ணீர் வடியாமல் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். விதைப்புத் தொடங்கிவிட்டால் ஒருவரையும் பிடிக்க முடியாது.

6.43 – ராசன் மெசின்: நான் வருகிறேன். உழவு மெசினில் பெட்டியையும் கொழுவிக்கொண்டு வருகிறேன். டீசலை மட்டும் சங்கம் பார்க்க வேண்டும்.

6.44 – கடை மாமி: தேத்தண்ணீர் என் பொறுப்பு. சீனி சங்கம் தரட்டும். போன முறை ஒன்றரைக் கிலோ என் கணக்கில் போனது. அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

6.44 – நிரோ: இப்போது சொல்லிவிட்டீர்களே மாமி.

6.51 – சுதன் டோஹா: அக்கா, இந்தக் காலத்தில் மண்வெட்டியோடு ஏன் மாரடிக்கிறீர்கள்? மண் வெட்டும் பெக்கோ மெசின் பிடித்தால் அரை நாள் வேலை. இங்கே ஊர்ப் பொடியன்கள் நாலு பேர் சேர்ந்து காசு போடுகிறோம். நாளைக்கே அனுப்பலாம்.

6.55 – தவம்: ஓம், பெக்கோதான் சரி.

7.20 – விதானையார்: (குரல் செய்தி, 2 நிமிடம்)

7.22 – விதானையார்: (குரல் செய்தி, 3 செக்கன்)

7.23 – நிரோ: அப்பப்பா, இரண்டாவதில் இருமல் மட்டும்தான் இருக்கிறது.

7.31 – விதானையார்: நான் விதானையாரின் பேத்தி, அப்பப்பாவின் போனில் எழுதுகிறேன். அவர் சொன்னதை அப்படியே போடுகிறேன். "பெக்கோ கூடாது என்று நான் சொல்லவில்லை. மதகுக்கு அங்கால முந்தின வருடம் பெக்கோ விட்டோமே, என்ன நடந்தது? வாளி மதகின் தளத்தை விட ஒரு முழம் கீழே போய்விட்டது. தண்ணீர் மேட்டில் ஏறுமா? மாரி முடிந்தும் அந்தக் குழியில் நின்று நுளம்பு பெருகியது. கரையைச் சுவர் மாதிரி வெட்டிவிட்டார்கள். இரண்டாம் மழைக்கே அது சரிந்து, வெட்டிய மண் திரும்பவும் வாய்க்காலுக்குள் வந்து இறங்கியது. வாய்க்காலை ஆழம் பார்த்து வெட்டுவதில்லை, வாட்டம் பார்த்து வெட்டுவது."

7.34 – விதானையார்: இன்னும் சொல்கிறார். "மதகடியில் நிற்கும் இரண்டு மருதும் 78 சூறாவளிக்குத் தப்பின மரம். தென்னையெல்லாம் படுத்தது, அது நின்றது. அந்த வேர்தான் கரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெக்கோ வாளிக்கு வேரும் தெரியாது, சகதியும் தெரியாது."

7.36 – நிரோ: 78இல் என்ன நடந்தது?

7.41 – விதானையார்: "நவம்பர் 23. நெல் மூட்டைகளுக்கு இடையில் பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு நாங்கள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றோம்." மிச்சத்தை நேரில் வந்து கேட்கட்டுமாம்.

7.52 – சுதன் டோஹா: அப்பப்பா சொல்வது சரி. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆள் இல்லாத வீடு என்ன செய்வது? காசு அனுப்பினால் வேண்டாம் என்கிறீர்கள். ஆள் வராவிட்டாலும் பேசுவீர்கள். போன முறை வராத வீடுகளின் பெயரைக் குழுவில் போட்டதில் எங்கள் வீடும் இருந்தது. அம்மா இரண்டு நாள் கடைப் பக்கமே போகவில்லை.

8.05 – வதனி: அது என் பிழை சுதன். போட்டிருக்கக் கூடாது. இனிப் போட மாட்டேன்.

8.09 – சரசு பெரியம்மா: மனே, நான் வாறன். புல்லுப் பிடுங்க எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

8.10 – சுதன் டோஹா: முழங்கால் அம்மா?

8.10 – சரசு பெரியம்மா: முழங்காலும் வரும்.

8.24 – வதனி: சரி, இப்படிச் செய்வோம். மதகடியும் மருதடியும் வளைவும் கையால். வளைவுக்குக் கீழே நேர் வாய்க்காலில் பெக்கோ, அது இன்னொரு நாள், கமநல சேவை நிலையத்தில் கேட்டுவிட்டு. விதானையார் கம்பு நட்டுக் காட்டிய ஆழத்துக்குக் கீழே ஒரு வாளி மண்கூட எடுப்பதில்லை. டோஹா காசில் இப்போது டீசலும் கையுறையும் மாமியின் சீனியும். மிச்சம் பெக்கோவுக்கு.

8.25 – கடை மாமி: சீனியை எழுத்தில் போட்டதற்கு நன்றி.

வெள்ளிக்கிழமை

காலை 6.12 – ராசன் மெசின்: விடியப்புறம் மூன்று யானை கிழக்கு வேலியோரம் நின்றன. நாளைக்கு ஆறரைக்கு முதல் ஒருவரும் தனியாக மதகடிக்குப் போக வேண்டாம். சைக்கிளில் வருகிறவர்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன்.

9.30 – ஜெயா மிஸ்: தேங்கிய தண்ணீரில் இறங்கப்போகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் தடுப்புக் குளிசை, டொக்சிசைக்கிளின். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) ஐயா பின்னேரம் தருவதாகச் சொன்னார், இலவசம். சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு போடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இது இல்லை, அவர்கள் தண்ணீரிலும் இறங்க வேண்டாம். காலில் புண், வெடிப்பு உள்ளவர்கள் கரையில் நின்று செய்யலாம். பிறகு இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு, சலம் (சிறுநீர்) குறைவாகப் போவது என்று ஏதும் வந்தால் பனடோலைப் போட்டுக்கொண்டு படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வயல் தண்ணீரில் இறங்கியதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

9.41 – தவம்: அந்தக் குளிசை வயிற்றை எரிக்கும்.

9.42 – ஜெயா மிஸ்: நீங்கள் போன முறை வெறும் வயிற்றில் போட்டீர்கள் அண்ணன். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

மதியம் 1.15 – நிரோ: அக்கா, எங்களுக்கு நாளைக்கு 9 மணிக்குக் களுவாஞ்சிகுடியில் டியூசன்.

1.20 – வதனி: ஆறரைக்கு வந்து எட்டுக்குப் போ. மதகுக்குள் நுழையக்கூடிய உடம்பு இந்த ஊரில் உனக்கு மட்டும்தான் இருக்கிறது.

1.26 – கடை மாமி: புரட்டாதிச் சனி, நினைவு இருக்கட்டும். மீன், கருவாடு ஒன்றும் கிடையாது. சோறு, பருப்பு, பூசணிக்காய், வல்லாரைச் சம்பல். எள்ளெண்ணெய் எரிக்கக் கோயிலுக்குப் போகிறவர்கள் போய்விட்டு வரலாம், அதைச் சாட்டி வராமல் விட வேண்டாம்.

இரவு 9.10 – ராசன் மெசின்: பின்னேரம் போய்ப் பார்த்தேன். வளைவில் ஒரு வேலி இரண்டு அடி வாய்க்காலுக்குள் நிற்கிறது. வேலிக்குள் வாழையும் நிற்கிறது. நான் பெயர் சொல்லவில்லை.

9.13 – தவம்: பெயர் சொல்லாமல் சொல்வதை விட நேராகச் சொல்லலாம். அது என் வேலி. நான் போடும்போது வாய்க்கால் அங்கே இல்லை, பிறகுதான் நகர்ந்து வந்தது.

9.19 – விதானையார்: வாய்க்காலில் கால் இருப்பது பேரில் மட்டும்தான் என்கிறார் அப்பப்பா.

9.20 – தவம் குழுவிலிருந்து வெளியேறினார்.

9.24 – வதனி: ராசன், விடிந்தால் வேலை. இரவு 9 மணிக்கு இதை எழுதத்தான் வேண்டுமா?

9.25 – ராசன் மெசின்: இரண்டு அடி அக்கா.

9.58 – வதனி தவத்தைச் சேர்த்தார்.

9.59 – வதனி: தவம் அண்ணன், ஜெயா மிஸ்ஸிடம் உங்கள் பெயரிலும் குளிசை இருக்கிறது. வாங்கிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை

காலை 6.52 – வதனி: 26 பேர். இன்னும் வருகிறார்கள். சுதன், அம்மா முதல் ஆளாக வந்துவிட்டார், ராசனுக்கும் முதல்.

7.05 – விதானையார்: ஆற்றுவாழையைக் கரையில் போட வேண்டாமாம். மழைக்குத் தண்ணீர் ஏறினால் அதே ஆற்றுவாழை திரும்ப இறங்கி மிதக்கும். துண்டு துண்டாக வெட்டவும் வேண்டாம், ஒவ்வொரு துண்டும் முளைக்கும். வேரோடு தூக்கிப் பெட்டியில் போட்டு மேட்டில் கொட்டட்டும், அங்கே காயட்டும் என்கிறார்.

7.30 – நிரோ: மதகுக்குள் இருந்து வந்தவை: உரப்பை ஐந்து. பிளாஸ்டிக் கதிரையின் கால் ஒன்று. மருந்துப் போத்தல்கள், அவற்றைக் கையுறை போட்டவர்கள் மட்டும் எடுக்கிறார்கள். பம்பர்ஸ், 30க்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். நாற்றம் இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை.

7.33 – கடை மாமி: ஊரில் பம்பர்ஸ் கட்டும் பிள்ளைகள் நாலு. விற்பது நான். எந்த வீட்டுக்கு எந்தச் சைஸ் என்றும் எனக்குத் தெரியும். இவ்வளவுதான் சொல்வேன்.

7.40 – நிரோ: கடைசியில் மீன் பிடிக்கும் அத்தாங்கு ஒன்றும் வந்தது. வலை இல்லை, வளையமும் பிடியும் மட்டும். (படம்)

8.20 – வதனி: பிடியில் நீலக் கயிறு சுற்றியிருக்கிறது. பெரியம்மா அதை வாங்கி வாய்க்கால் தண்ணீரிலேயே கழுவினார். அவருடையதுதான் என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சேலைத் தலைப்பால் துடைத்து மருதில் சாய்த்து வைத்திருக்கிறார்.

8.31 – சுதன் டோஹா: அப்பாவின் அத்தாங்கு. கயிறு நான் சுற்றியது, ஏழாம் வகுப்பில். அதை எறிய வேண்டாம் என்று சொல்லுங்கள்.

8.32 – வதனி: கேட்டால்கூடத் தர மாட்டார்.

9.05 – ராசன் மெசின்: மருதடிச் சேற்றில் விரால் மூன்று. ஒன்று என் முழங்கை அளவு.

9.06 – கடை மாமி: சனிக்கிழமை.

9.06 – ராசன் மெசின்: பிடித்துவிட்டோம் மாமி. வாளியில் ஓடுகிறது.

9.07 – கடை மாமி: ஞாயிறு வரைக்கும் ஓடட்டும். வாளியை மூடி வையுங்கள், பூனை விரதம் இல்லை.

10.15 – ராசன் மெசின்: தவம் அண்ணன் வந்து தன் வேலிக் கம்பைத் தானே பிடுங்குகிறார். நாலு கம்பு ஆகிவிட்டது.

10.15 – வதனி: படம் போட வேண்டாம்.

10.40 – தவம்: வாழை நிற்கட்டும். குலை தள்ளியிருக்கிறது, முற்றினதும் நானே வெட்டுவேன்.

10.52 – விதானையார்: "கார்த்திகைக்கு முதல்" என்கிறார்.

10.53 – தவம்: சரி.

மதியம் 12.40 – விதானையார்: அப்பப்பாவின் தாச்சியை ஒருவர் மாறி எடுத்துப்போய்விட்டார். அடியில் நீலப் பெயின்ட் புள்ளி இருக்கும். தயவுசெய்து பார்க்கவும்.

12.44 – வதனி: மதகு திறந்துவிட்டது. இந்தப் பக்கம் குனிந்தால் அந்தப் பக்கம் நிற்கிறவர்களின் கால் தெரிகிறது. வளைவில் இன்னும் இருபது பாகம் நீளம் வரை மிச்சம், அதை வரும் சனி பார்ப்போம். தயிர் முடிந்துவிட்டது, பிந்தி வந்தவர்கள் மன்னிக்கவும்.

திங்கட்கிழமை

இரவு 8.35 – நிரோ: மழை.

8.36 – கடை மாமி: எங்கள் வீட்டுக்கும் அதே வானம்தான் மனே.

9.40 – ராசன் மெசின்: டோர்ச்சோடு போய்ப் பார்த்தேன். மதகுக்குள்ளால் தண்ணீர் நன்றாக இழுக்கிறது. வாழையடியில் மட்டும் சுற்றிக்கொண்டு நிற்கிறது. நான் பெயர் சொல்லவில்லை.

9.42 – தவம்: நானும் வரம்பில்தான் நிற்கிறேன் ராசன். திரும்பிப் பார்.

9.55 – சரசு பெரியம்மா: அத்தாங்குக்கு வலை கட்டத் தெரிந்த ஆள் ஊரில் இன்னும் இருக்கா?

9.57 – விதானையார்: அப்பப்பா கட்டித் தருவாராம். வரும்போது தாச்சியையும் ஒருக்கால் தேடிப் பார்க்கட்டுமாம்.