லாந்தர் கடிகாரமா, கூண்டுக் கடிகாரமா?

ஆங்கிலத்தில் 'லாந்தர்ன் கிளாக்' (lantern clock) எனப்படும் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பித்தளைச் சுவர்க் கடிகாரத்தை 'விளக்குக் கடிகாரம்' என்று தமிழில் எழுதுவதை நான் ஏற்கவில்லை. அதில் விளக்கு எரிவதில்லை. எண்ணெய் குறைவதைக் கொண்டு நேரம் காட்டிய விளக்குகள் தனியே இருந்திருப்பதால், அந்தப் பெயர் படிப்பவரை வேறு பொருளுக்கு இழுத்துச் செல்லும். 'லாந்தர் கடிகாரம்' என்பதில் அந்தக் குழப்பம் குறைவுதான். ஆனால் ஆங்கிலப் பெயரே லாந்தர் விளக்கின் வடிவத்தால் வந்ததா, 'லாட்டன்' என்னும் பித்தளை வகையின் பெயர் திரிந்து வந்ததா என்பது இன்னும் தீராத வழக்காக இருக்கும்போது, அதை நாம் ஏன் சுமக்க வேண்டும்? அக்காலத்தார் அதை வீட்டுக் கடிகாரம், அறைக் கடிகாரம் என்றே அழைத்தனர்.

பொருளைப் பார்த்துப் பெயரிடுவோம். நான்கு மூலைகளிலும் தூண்கள், மேலும் கீழும் தகடுகள், பக்கங்களில் சிறு கதவுகள், உச்சியில் பட்டைகள் பற்றி நிற்கும் மணி, அதன் அடியை மறைக்கும் துளைவேலைத் தகடுகள் (பலவற்றில் இரண்டு டால்பின்கள் பின்னிக் கிடக்கும்), கீழே தொங்கும் எடை. இதுவே அதன் உருவம். முள் ஒன்றுதான், மணிக்கு மணி நான்கு கால்பகுதிகளாக வளையத்தைப் பிரித்திருப்பதால், அந்த ஒற்றை முள்ளிலேயே கால்மணி வரை படிக்கலாம்.

இந்த அமைப்புக்குக் 'கூண்டு' என்பதே பொருந்துகிறது. கூண்டு வண்டி, சாட்சிக் கூண்டு என்று சட்டமிட்டு அடைத்த எதையும் அச்சொல் தாங்கும். ஈழத்தில் கடிகாரத்தை 'மணிக்கூடு' என்பார்கள். மணியும் கூடும் சேர்ந்த இந்தப் பொருளுக்கு அதைவிட அழகான சொல் கிடைக்காது என்றே முதலில் எண்ணினேன். ஆயினும் அங்கே அது எல்லாக் கடிகாரங்களுக்கும் பொதுப்பெயராகையால், ஒரு வகைக்கு மட்டும் ஒதுக்குவது முறையன்று. எனவே பொதுவில் 'பித்தளைக் கூண்டுக் கடிகாரம்', ஈழ வழக்கில் எழுதுவோர்க்குக் 'கூண்டு மணிக்கூடு' என்று முன்மொழிகிறேன்.

'பித்தளை' என்னும் அடையை விட்டுவிட வேண்டாம். இலண்டனின் லோத்பரி, நம் ஊர்க் கன்னார் தெருவைப் போல, மெழுகுதிரித் தண்டும் உரலும் வார்த்தவர்களின் தெரு. அங்கிருந்த கடிகாரக் கைவினைஞர் தாமசு நிஃப்டன் தம் கடிகாரங்களில் அத்தெருவின் பெயரையும் பொறித்தார். 1631இல் அரச சாசனம் பெற்ற கடிகாரத் தொழிலாளர் கழகத்துக்கு முன்பே இந்த வார்ப்புக் கலை அங்கே வேரூன்றியிருந்தது.

உள்ளுறுப்புகளில் ஒன்றை மட்டும் இப்போதே தீர்த்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் பொறியின் ஓட்டத்தை ஒழுங்குபடுத்தியது இருபுறமும் அலைந்து திரும்பும் ஒரு சக்கரம். 1658இல் கடிகாரக் கைவினைஞர் அகாசுவேரசு ஃப்ரோமன்டீல் ஊசல் கடிகாரங்களை இலண்டனில் விளம்பரப்படுத்திய பிறகு, பழைய கடிகாரங்கள் பலவற்றில் அச்சக்கரத்தை எடுத்துவிட்டு ஊசலைப் பொருத்தினார்கள். 'ஊசல்' நமக்கு வேரூன்றிய சொல். அதற்கு முந்தையதை 'அலைசக்கரம்' என்று சொன்னால், மாற்றப்பட்ட கடிகாரத்தை 'அலைசக்கரம் நீக்கி ஊசல் இட்டது' என்று அருங்காட்சியகக் குறிப்பில் ஒரே வரியில் எழுதிவிடலாம்.