ப்ளூஸ் கேட்கத் தொகுப்பு ஆல்பத்தில் தொடங்கலாமா?

மழைக்காலம்: ராக் கேட்டு வளர்ந்தவன், அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசைப் பக்கம் இப்போதுதான் வருகிறேன். 1920களிலிருந்து வரிசையாக, வரலாற்றோடு கேட்க ஆசை. நல்ல தொகுப்பு ஆல்பம் ஒன்றை எடுத்தால் போதுமா, இல்லை ஒவ்வொரு பாடகராகப் போகணுமா?

பழந்தட்டு: தொகுப்புதான், யோசிக்கவே வேண்டாம். அந்தக் காலத்து ஆட்கள் ஆல்பம் போட்டதே இல்லை. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் தட்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டு, மூன்று நிமிடம் சொச்சம், அவ்வளவுதான். தட்டு சேகரிப்பாளர் ஹாரி ஸ்மித் 1952இல் ஃபோக்வேஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்குத் தொகுத்த 84 பாட்டுகளை எடுங்கள். ப்ளூஸ் மட்டும் இல்லை, எல்லா வகை அமெரிக்க நாட்டுப்பாட்டும் கலந்துதான் இருக்கும், யார் கறுப்பர் யார் வெள்ளையர் என்றுகூடப் போட்டிருக்க மாட்டார். அதில் மிசிசிப்பி ஜான் ஹர்ட்டின் 'ஸ்பைக் டிரைவர் ப்ளூஸ்' வரும். கிடாரில் கட்டைவிரல் தடித்த தந்திகளில் தாழ்ந்த சுரத்தில் ஒரே சீராக நடந்துகொண்டிருக்க, மற்ற விரல்கள் மேலே மெட்டை வாசிக்கும். இரண்டு பேரோ என்று சந்தேகம் வரும்.

கரிசல்: பாட்டு அருமை, மறுக்கவில்லை. ஆனால் வரலாறு வேண்டும் என்று கேட்கிறவரிடம் தொகுப்பைக் கொடுத்தால் அவர் கேட்பது தொகுத்தவரின் ரசனையைத்தான். 1961இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் ராபர்ட் ஜான்சனின் 16 பாட்டுகளைப் போட்டு, 'டெல்டா (மிசிசிப்பி மாநிலத்து ஆற்றுச் சமவெளி) ப்ளூஸ் பாடகர்களின் ராஜா' என்று அட்டையிலேயே முடிசூட்டிவிட்டது. 1938இல் அவர் சாகும்போது ஓரளவு விற்றிருந்தது 'டெராப்ளேன் ப்ளூஸ்' ஒன்றுதான். 1920இல் 'கிரேஸி ப்ளூஸ்' பாடி இந்தச் சந்தையையே திறந்துவிட்டது மேமி ஸ்மித் என்ற பெண். அடுத்து வந்த பெஸ்ஸி ஸ்மித்தும் பெண்தான். ஆனால் கிடாரும் கையுமாக ஒற்றை ஆள் உட்கார்ந்து பாடினால்தான் அசல் ப்ளூஸ் என்று இன்றைக்கும் நம்புகிறோமே, அது எங்கிருந்து வந்தது?

பழந்தட்டு: சரி சார், அதற்கு வழி? டாக்குமென்ட் ரெக்கார்ட்ஸ் என்ற மறுவெளியீட்டு நிறுவனம் போடுகிற மாதிரி ஒருவர் பாடிய எல்லாவற்றையும் தேதி வாரியாகக் கேட்கச் சொல்வீர்கள். பாராமவுன்ட் தட்டுகளின் நிலைமை தெரியும்தானே? நாற்காலி கம்பெனி நடத்திய இசைத்தட்டு லேபிள், பதிவே சுமார், மூலப் பதிவுகளும் போய்விட்டன. டெல்டா பாடகர் சார்லி பேட்டனை இன்று கேட்பதே தேய்ந்த தட்டுகளிலிருந்து எடுத்ததில்தான். புதியவர் அந்தக் கரகரப்பில் வரிசையாக இருபது பாட்டு கேட்டால் மறுநாள் இந்தப் பக்கமே வரமாட்டார்.

கரிசல்: இருபதும் கேட்கச் சொல்லவில்லை ஐயா. தொகுப்பாளர்கள் அடித்துக்கொண்ட கதை ஒன்று இருக்கிறது, அதைக் கேளுங்கள். 1959இல் சாமுவேல் சார்ட்டர்ஸ் 'தி கன்ட்ரி ப்ளூஸ்' என்று ஒரு தொகுப்பு போட்டார். கறுப்பின மக்கள் அன்று காசு கொடுத்து வாங்கியது யாரை என்று பார்த்து லெராய் கார், லானி ஜான்சன் போன்றவர்களைச் சேர்த்தார். அபூர்வத் தட்டு சேகரிப்பவர்களுக்குப் பொறுக்கவில்லை. ஆரிஜின் ஜாஸ் லைப்ரரி என்ற லேபிள் பதிலுக்கு 'ரியலி! தி கன்ட்ரி ப்ளூஸ்' என்று வெளியிட்டது, ஆச்சரியக்குறியோடு! அதிகம் விற்காத தட்டுகளாகப் பார்த்து அடுக்கியிருந்தார்கள். கடைசியில் ஜெயித்தது அவர்கள் ரசனைதான். லெராய் கார் பெயரை இன்று எத்தனை ராக் ரசிகருக்குத் தெரியும்?

பழந்தட்டு: அதைத்தானே நானும் சொல்கிறேன்! இரண்டையும் அடுத்தடுத்து கேட்டால் சண்டையும் புரியும், பாட்டும் கிடைக்கும். இன்னொன்று, ஹர்ட் 1928இல் பதிவு செய்துவிட்டு ஊரோடு போனவர். ஹாரி ஸ்மித் தொகுப்பில் அவருடைய இரண்டு பாட்டு இல்லாவிட்டால் 1963இல் யார் அவரைத் தேடிக்கொண்டு மிசிசிப்பியின் அவலான் கிராமத்துக்குப் போயிருப்பார்கள்?

கரிசல்: ஒருவர் கிடைத்தார், சந்தோஷம். தொகுப்பில் இடம் கிடைக்காதவர்களை யார் தேடினார்கள்?

மழைக்காலம்: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இப்போதுதான் லெராய் காரின் 'ஹவ் லாங்' கேட்டேன். பியானோவுக்குப் பின்னால் ஒரு கிடார் ஒற்றைத் தந்தியில் பதில் சொல்லிக்கொண்டே வருகிறதே, யார் அது?

கரிசல்: ஸ்க்ராப்பர் பிளாக்வெல். இருவரும் இண்டியானாபொலிஸ்காரர்கள், பாட்டு 1928. டெல்டாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, பார்த்தீர்களா?

பழந்தட்டு: தம்பி, எந்தத் தொகுப்பில் கேட்டீர்கள் என்பதை மட்டும் அவருக்குச் சொல்லிவிடுங்கள் :)