புதுப்பிப்பு: பக்கத்து வீட்டு முருங்கை இறங்கிவிட்டது, மாமாவும் பத்திரம்

போன வாரம் எழுதியிருந்தேனே, மாமா முருங்கைக் கிளையில் உட்கார்ந்துகொண்டு அதே கிளையை வெட்ட, கீழே அவர் மச்சான் துணி காயப்போடும் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாரென்று. எல்லோரும் சிரித்தோம். எனக்கு அன்றிரவு தூக்கமில்லை. முருங்கை முறியும் முன் சத்தம்கூடப் போடாது, பக்கத்திலேயே மின்கம்பி வேறு.

நேற்று கெஞ்சிக் கூத்தாடி மரமேறும் அண்ணனை வரவழைத்தோம். மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகே ஏறினார். கிளையின் அடிப்பக்கம் முதலில் லேசாக அறுத்தார், பிறகுதான் மேலே. பட்டை கிழியாமல், வடத்தில் தொங்கி மெதுவாக இறங்கியது. "அடியில எதுக்குப்பா மொதல்ல?" என்று மாமா கேட்டுக்கொண்டே இருந்தார்.

அடிமரத்தை ஐந்தடி விட்டு, வெட்டுவாயில் சாணி அப்பியிருக்கிறோம். துளிர்த்ததும் படம் போடுகிறேன்.